உள்ளேயா, வெளியேயா

மூன்றாவது கிலோமீட்டர் மேட்டில்
பாட்டிலோடு நிற்பது என் வேலை.
சர்க்கரை கரைத்த வெந்நீர்,
உறையாதபடி கோட்டுக்குள்.
மைனஸ் பதினான்கு.
பிர்ச் மரங்களுக்கு அப்பால் வரும்போதே
என் பெண் என்று தெரிந்துவிடும்,
தொப்பியால் அல்ல, முதுகு எண்ணால் அல்ல.
சத்தத்தால்.

எண்ணெய் காணாத கீல் ஒன்றை
யாரோ திறந்து திறந்து மூடுவதுபோல.
மற்றப் பெண்களுக்கு வாயில் புகை போகிறது, வருகிறது.
தூவாவுக்குப் போவது போகிறது.
வரவேண்டியது வாசலில் நிற்கிறது.

"இழு! நல்லா இழு!" என்று கத்தினேன்.
பாட்டிலைத் தட்டிவிட்டுப் போனாள்.
பனியில் ஒரு மஞ்சள் துளை.

முடிவுக்கோட்டில் ஸ்கீயைக் கழற்றாமலே
முழங்காலில் கிடந்தாள்.
நெஞ்சு வலிக்குதுப்பா.
மூச்சு வாங்குது என்கிறோமே,
அன்றுதான் பார்த்தேன் அவள் வாங்கப்போனதை:
கடையெல்லாம் அடைத்துவிட்ட ஊரில்
கையில் காசோடு ஓடுகிறவள்.

போன வசந்தத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கில்
ஆஸ்லாக் என்றொரு பையன், பதினேழு வயது,
சக்கர ஸ்கீயில் சாய்ந்தவன் எழவில்லை.
அதன்பின் இங்கே எல்லா அப்பன்களுக்கும்
பிள்ளையின் நெஞ்சு இடப்பக்கம் மட்டும்தான்.
ஈசிஜி. எக்கோ.
மார்பில் ஒட்டிய வயர்களோடு
கணக்குப் பரீட்சை எழுதினாள்.
இதயம் தங்கமாக இருக்கிறது என்றார்கள்.
தங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆஸ்துமாவாக இருக்கலாம்; ஒரு நீலக் குழல்.
அவள் அணியில் ஏழு பேரிடம் அந்த நீலம் உண்டு,
ஏழு பேருக்கும் கேட்டது.
தூவா இரண்டு முறை அமுக்கினாள், நான்கு முறை அமுக்கினாள்.
கை நடுங்கியதுதான் மிச்சம்.

பயிற்சியாளர் குன்வால்ட் கெட்டவர் இல்லை.
"பதற்றம்" என்றார், மெதுவாக, என்னிடம் மட்டும்.
அந்தச் சொல் கதவிடுக்கில் நுழைந்து
அவள் அறைக்குப் போய்விட்டது.
அதன்பின் அதைப் பற்றி வீட்டில்
அவள் மூச்சு விடவில்லை.
நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால்
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெர்கனில் ஒரு டாக்டர், ஹேர்டிஸ் என்று பெயர்,
காலில் இரண்டு வெவ்வேறு காலுறை.
தடித்த கோப்பைத் திறக்கவே இல்லை.
"எப்போது அடைக்கிறது?
உள்ளே போகும்போதா, வெளியே வரும்போதா?"

பதினோரு மாதம். ஐந்து டாக்டர்கள். ஒரு அப்பன்.
"உள்ளே" என்றாள், கேள்வி முடியுமுன்.
விரலை நெஞ்சில் வைக்கவில்லை,
தொண்டைக்குழியில் வைத்தாள்.

மூக்கு வழியாக நூடுல்ஸ் தடிமனில் கேமரா,
அதைத் தாங்க ஒரு ஹெல்மெட்.
ஓடும் பட்டையில் ஏற்றினார்கள்.
நான் திரையைப் பார்த்தேன்.
மகளின் தொண்டைக்குள் எந்த அப்பன் பார்த்திருக்கிறான்?
ஈரமான இளஞ்சிவப்பு வாசல்.
மூன்றாம் நிமிடம் விரியத் திறந்திருந்தது.
ஏழாம் நிமிடம், அவள் காற்றை இழுக்க இழுக்க
இருபக்க மடல்களும் உள்ளே சரிந்தன,
புயலில் கூடாரத் துணி கம்பத்தோடு ஒட்டுவதுபோல.
எவ்வளவு பலமாக இழுத்தாளோ
அவ்வளவு இறுக்கம்.

இழு. நல்லா இழு.

இறங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டே
படத்தைப் போடச் சொன்னாள்.
இரண்டு தடவை பார்த்தாள்.
"பார்த்தியா" என்றாள். என்னிடம்தான்.

இப்போது தினமும் இரவில்
பல் தேய்த்தபின் கண்ணாடி முன் நின்று
ஸ்ட்ரா வழியே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக
உள்ளே விடப் பழகுகிறாள்.
சரியாகிவிடும் என்று யாரும் எழுதித் தரவில்லை.
ஜனவரியில் முப்பத்தோராவது இடம்.
கீல் சத்தம் இன்னும் கேட்கிறது,
மேட்டின் பிற்பாதியில்.

நான் அதே இடத்தில் நிற்கிறேன்.
பாட்டிலை நீட்டுகிறேன், வாயைத் திறப்பதில்லை.
நேற்று வாங்கிக்கொண்டாள்.
பாதி குடித்துவிட்டு ஓரத்தில் வீசினாள்.
பனியில் மூடியைத் தேடிக் குனிந்து நிமிர்வதற்குள்
மேடேறிப் போயிருந்தாள்.
சத்தம் இருந்ததா என்று
கவனிக்க மறந்துவிட்டேன்.